இன்பத்திலும் துன்பத்திலும் இறைவனைப் பிரியாத அப்பர் பெருமான்

சித்திரைத் திங்கள் பிறந்துவிட்டால் நம் மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் உள்ள ஆலயங்கள் விழாக்கோலம் பூணத் தொடங்குகின்றன. பந்தல் எழுகிறது, தோரணம் ஆடுகிறது, வெளியூர் சென்று பிழைக்கும் பிள்ளைகளெல்லாம் தாய்வீடு திரும்புகிறார்கள். இதே சித்திரைத் திங்களில் சதய நட்சத்திரத்தன்று சைவ உலகம் ஒரு பெரியாரை நினைந்து குருபூசை நடத்துகிறது. அவர்தாம் திருநாவுக்கரசு சுவாமிகள். திருஞானசம்பந்தப் பெருமானால் அப்பர் என்று அழைக்கப்பெற்ற அப்பெருமானின் வரலாற்றை இவ்விழா நாளில் சிந்திப்பது பொருத்தமாகும் என்று அடியேன் கருதுகிறேன்.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. ஆலய நிருவாகத்தில் பல ஆண்டுகளாகத் தொண்டு செய்து வருபவன் என்ற முறையில் அடியேன் கண்டறிந்த உண்மை ஒன்றுள்ளது. பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்கும்போது அர்ச்சனைச் சீட்டு வாங்க நீண்ட வரிசை நிற்கும். மருத்துவமனையில் உறவினர் படுத்திருந்தால் குடும்பமே கோயிலைச் சுற்றி வரும். தேர்வு முடிந்து, நோயும் தீர்ந்து, வீட்டில் மகிழ்ச்சி நிலைத்த பிறகு அவர்களைப் பார்ப்பது அரிதாகிவிடும். வேறு சிலரோ நல்ல காலத்தில் உபயம் செய்து முன்வரிசையில் நிற்பார்கள். ஒரு பெருந்துன்பம் நேர்ந்தவுடன் இறைவன் கைவிட்டுவிட்டான் என்று மனங்கசந்து கோயில் வாசலையே மிதிக்க மாட்டார்கள். பிறரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. முதல் வகையில் அடியேனும் ஒருவனாக இருந்தவன்தான். அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

இவ்விரு நிலைகளையும் கடந்து நின்றவர் அப்பர் பெருமான். துன்பம் அவரை இறைவனிடம் கொண்டு வந்து சேர்த்தது. துன்பம் தீர்ந்த பிறகும் அவர் இறைவனை விட்டு அகலவில்லை. அவர் வாழ்க்கை நமக்குக் காட்டும் பாடம் இதுவே.

திருவாமூரில் தோன்றிய ஒளி

கி.பி. 7-ஆம் நூற்றாண்டு, தொண்டை நாட்டையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் பல்லவ மன்னர்கள் ஆண்டுவந்த காலம். திருமுனைப்பாடி நாட்டிலே திருவாமூர் என்னும் ஊரில் புகழனார், மாதினியார் என்னும் தம்பதியருக்கு இரு மக்கள் பிறந்தனர். மூத்தவர் திலகவதியார். இளையவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார். இவர்தம் வரலாற்றைப் 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் விரிவாகப் பாடியுள்ளார். அவர் காட்டிய வழியிலேயே நாமும் செல்வோம்.

திலகவதியாருக்குத் திருமண வயது வந்தபோது, மன்னனிடம் படைத்தலைவராக விளங்கிய கலிப்பகையார் என்பவருக்கு அவரை மணஞ்செய்து கொடுக்கப் பேசி முடித்தனர். மணநாள் வருவதற்குள் மன்னன் ஆணைப்படி கலிப்பகையார் போர்முனைக்குச் சென்றார். அவ்வேளையில் புகழனார் நோயுற்று இறந்தார். கணவரைப் பிரிந்து வாழ விரும்பாத மாதினியாரும் உயிர் நீத்தார். அந்தத் துயரம் ஆறுவதற்குள் போர்க்களத்திலிருந்து கலிப்பகையார் வீரமரணம் எய்திய செய்தியும் வந்து சேர்ந்தது.

தாயையும் தந்தையையும் மணவாளராக வரவிருந்தவரையும் அடுத்தடுத்து இழந்த அப்பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். பெற்றோர் தம்மை அவருக்கே உரியவள் என்று இசைந்தமையால் இனித் தம் உயிரையும் அவரோடு சேர்ப்பதே முறை எனத் திலகவதியார் துணிந்தார். அப்போது தம்பி மருணீக்கியார் தமக்கையாரின் திருவடிகளில் வீழ்ந்து அழுதார். தாய் தந்தையர் போன பின்பும் தாம் உயிரோடு இருப்பது தமக்கையாரைப் பெற்றோராக எண்ணி வணங்குவதற்காகவே என்றும், அவரும் தம்மைத் தனியே விட்டுச் செல்வாராயின் அவருக்கு முன்பாகத் தாம் உயிர் துறப்பது உறுதி என்றும் முறையிட்டார். தம்பி உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஒரே கருணையினால் திலகவதியார் உயிர் தாங்கினார். பொன்னும் மணியும் பூணாது, எல்லா உயிர்களிடத்தும் அருள் பூண்டு, இல்லத்திலேயே தவம் இயற்றினார்.

மருணீக்கியார் வளர்ந்து, உலக வாழ்வின் நிலையாமையை உணர்ந்து, தம் செல்வத்தை அறவழியில் செலவிட்டார். அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார், சோலைகள் வளர்த்தார், குளங்கள் வெட்டினார். ஆயினும் அவருடைய உள்ளம் அமைதி அடையவில்லை. மெய்ப்பொருள் எது என்று தேடியவர், பாடலிபுரம் என்னும் ஊரிலிருந்த சமணப் பள்ளியை அடைந்தார். இன்று கடலூரின் ஒரு பகுதியாக விளங்கும் திருப்பாதிரிப்புலியூரே அக்காலத்துப் பாடலிபுரம். அங்கே சமண நூல்களைக் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு தலைமைச் சிறப்பும் பெற்றார். கல்வி, புகழ், மதிப்பு ஆகிய யாவும் அவருக்கு அங்கே குறைவின்றிக் கிடைத்தன.

தமக்கையாரின் உறுதி

தம்பி வேறு சமயம் புகுந்த செய்தி திலகவதியாரைப் பெரிதும் வருத்தியது. இறந்தவர்களுக்காக அழுத கண்ணீரைவிட, உயிரோடு இருந்தும் தம்மைவிட்டுச் சென்ற தம்பிக்காக அவர் வடித்த கண்ணீர் அதிகமாக இருந்திருக்கும். ஆனால் அவர் இறைவனைக் கோபிக்கவில்லை. கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். விடியற்காலையில் எழுந்து திருக்கோயிலைத் திருவலகினால் கூட்டினார், சாணத்தால் மெழுகினார், மலர் பறித்து மாலை தொடுத்தார். தம்பியை மீட்டருள வேண்டும் என்று அங்கே எழுந்தருளியிருக்கும் வீரட்டானேசுவரரிடம் நாள்தோறும் விண்ணப்பித்து வந்தார்.

அன்பர்களே, திலகவதியார் ஒரு நாள் இருநாள் இத்தொண்டைச் செய்தவரல்லர். வேண்டுதல் நிறைவேறுகிறதா என்று கணக்குப் பார்த்துக் கொண்டும் செய்யவில்லை. துன்பத்தில் இறைவனிடம் நெருங்கியிருப்பது என்றால் என்ன என்பதை அப்பர் பெருமானுக்கே முதலில் காட்டியவர் இத்தாய்தான். இறைவன் அவர் கனவில் தோன்றி, மருணீக்கியார் முற்பிறவியிலேயே தம்மை அடையத் தவம் புரிந்தவர் என்றும், சூலை நோயைத் தந்து அவரை ஆட்கொள்வோம் என்றும் அருளினான்.

சூலையும் திருநீறும்

அவ்வாறே தருமசேனரின் வயிற்றில் கொடிய சூலை நோய் பற்றியது. குடலைப் பிடித்து முறுக்குவது போன்ற அவ்வலியால் அவர் தரையில் புரண்டார். பள்ளியிலிருந்தோர் மந்திரித்த நீரைப் பருகச் செய்தும், மயிற்பீலி கொண்டு தடவியும் பார்த்தனர். நோய் மேலும் மேலும் பெருகியதேயன்றிக் குறையவில்லை. தங்களால் ஆவது ஒன்றுமில்லை என்று அவர்கள் கைவிட்டபோதுதான் அவருக்குத் தமக்கையாரின் நினைவு வந்தது.

தமக்குச் சமையல் செய்பவரைத் திருவதிகைக்கு அனுப்பினார். நந்தவனத்தருகே திலகவதியாரைக் கண்டு அவர் செய்தியைக் கூறினார். தம்பியின் துன்பத்தைக் கேட்டு உள்ளம் பதறினாலும், அப்பள்ளிக்குத் தாம் வருவதற்கில்லை என்று அந்த அம்மையார் உறுதியாகச் சொல்லி அனுப்பினார். அன்பு இல்லாமையால் அப்படிச் சொல்லவில்லை. மருந்து எங்கே உள்ளதோ அங்கே நோயாளி வரவேண்டும் என்பதை அறிந்தே சொன்னார்.

அம்மறுமொழியைக் கேட்டதும் தருமசேனர் தம் துறவுக் கோலத்தைக் களைந்தார். பாயையும் குண்டிகையையும் மயிற்பீலியையும் விட்டொழித்து, வெள்ளாடை உடுத்து, உடன் வந்தவர்கள் தாங்கிப் பிடிக்க, இரவோடு இரவாகத் திருவதிகை வந்து தமக்கையாரின் அடிகளில் வீழ்ந்தார். உலகமே மதித்த ஒரு தலைவருக்கு இது எளிய செயலன்று. தாம் இத்தனை ஆண்டுகள் வந்த வழி தமக்குரியதன்று என்று ஒப்புக்கொண்டு, தாம் விட்டுச் சென்றவரின் காலிலேயே வந்து விழுவதற்குப் பெரிய மனம் வேண்டும்.

திலகவதியார் தம்பியைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு தந்தார். பொழுது புலரும் முன் திருவலகும் சாணமும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டபோது தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். இறைவன் திருமுன்பு வீழ்ந்து வணங்கி எழுந்த அவருடைய உள்ளத்திலிருந்து தமிழ்ப் பதிகம் பெருகியது. சூலை நோய் அக்கணமே நீங்கியது. நாவுக்கரசு என்னும் பெயரும் இறைவன் திருவருளாலேயே அவருக்கு வழங்கலாயிற்று.

மன்னன் ஆணைக்கு அஞ்சாமை

நோய் தீர்ந்தது, இனி நிம்மதியாக வாழலாம் என்று நாம் எண்ணுவோம். ஆனால் நாவுக்கரசருக்கு அதன் பிறகே பெருஞ்சோதனைகள் வந்தன. அவர் சைவம் திரும்பியதைப் பொறாதவர்கள் பல்லவ மன்னனிடம் முறையிட்டனர். அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மனே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. மன்னனின் ஆட்கள் அழைக்க வந்தபோது, தம்மை ஆள்பவன் சிவபெருமான் ஒருவனே என்று அவர் அச்சமின்றி விடை பகர்ந்தார்.

அவரை நீற்றறையில் இட்டுப் பூட்டினர். சுண்ணாம்புக் கல் வேகும் அந்த அறையில் ஏழு நாள் கடந்து திறந்து பார்த்தபோது, இறைவன் திருவடி நிழலை நினைந்தவராய் அவர் ஊனமின்றி இருந்தார். நஞ்சு கலந்த பாற்சோறு கொடுத்தனர். அதுவும் அவரை ஒன்றும் செய்யவில்லை. மதயானையை ஏவினர், அது அவரை வலம் வந்து வணங்கிற்று. இறுதியில் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளினர். அவர் திருவைந்தெழுத்தை ஓதப் பெருங்கல் தெப்பமாக மிதந்தது. அலைகள் அவரைத் தாங்கிவந்து கரை சேர்த்தன. கடலூருக்கு அருகே கரையேறவிட்ட குப்பம் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் இவ்வரலாற்றை நினைவூட்டுகிறது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அவர் கரையேறிய இடம் திருப்பாதிரிப்புலியூர். ஒரு காலத்தில் தருமசேனராக இருந்து தலைமை பெற்ற அதே ஊரில், இப்போது ஈர உடையோடு, எதுவும் இல்லாதவராக, சிவனடியாராக அவர் அடியெடுத்து வைத்தார். முன்பு எல்லாம் இருந்தும் அமைதி இல்லை. இப்போது ஒன்றும் இல்லாதிருந்தும் அமைதி நிறைந்திருந்தது.

பின்னர் மன்னனும் மனம் மாறிச் சைவம் சார்ந்து, திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயிலைக் கட்டினான் என்று சேக்கிழார் கூறுகிறார். குணபரன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களுள் ஒன்று என்பதைத் திருச்சிராப்பள்ளி மலைக் குகைக்கோயில் கல்வெட்டும் காட்டுகிறது. அக்காலத்துச் சமயப் பூசலை நாம் இன்று எடுத்துப் பகைமை பாராட்டத் தேவையில்லை. பல சமயத்தார் கூடி வாழும் நாட்டில் வாழ்கின்ற நாம், அச்சுறுத்தலுக்கு இடையிலும் அசையாத நெஞ்சுறுதியை மட்டும் அப்பெருமானிடமிருந்து எடுத்துக் கொள்வோம்.

கையில் உழவாரம்

இதன் பிறகு நாவுக்கரசர் தலந்தோறும் நடந்தார். பெண்ணாகடத்திலுள்ள திருத்தூங்கானை மாடத்தில் இடபக் குறியும் சூலக் குறியும் தம் தோள்களில் பொறிக்கப் பெற்றார். தில்லையில் கூத்தப் பெருமானைக் கண்டு கசிந்துருகினார். சீர்காழியில் பாலகராகிய திருஞானசம்பந்தரை வணங்கியபோது, வயதில் மிக இளையவரான அவர் இவரை அப்பரே என்று அழைத்தார். அன்று முதல் அதுவே நாம் அனைவரும் அன்போடு வழங்கும் பெயராயிற்று.

எங்குச் சென்றாலும் அவர் கையில் உழவாரப்படை இருந்தது. உழவாரம் என்பது புல் செதுக்கும் கருவி. கோயில் திருச்சுற்றுகளில் முளைத்த புல்லையும் முள்ளையும் அதனால் செதுக்கி, அடியவர்கள் காலில் குத்தாதபடி தூய்மை செய்வதே அவர் மேற்கொண்ட கைத்தொண்டு. வாய் தேவாரம் பாடியது. மனம் இறைவனை நினைந்தது. கை புல்லைச் செதுக்கியது. மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றையும் இறைவனுக்கே ஆக்கினார்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு உழவாரத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பால்மரக் காட்டில் பால் வெட்டியும், புல் வெட்டியும், மண்வெட்டி பிடித்தும் கை காய்த்துப்போன நம் பாட்டன் பாட்டிமாரை நாம் அறிவோம். நாயன்மார் திருவுருவங்கள் உள்ள ஆலயங்களில் அப்பர் பெருமானை எளிதாக அடையாளம் காணலாம். தோளில் சாத்திய அந்த உழவாரமே அவருக்கு அடையாளம். தொழிலாளியின் கருவியையே தமக்கு அணியாகக் கொண்ட அருளாளர் அவர்.

திங்களூரில் ஒரு துயரமும் ஒரு மகிழ்ச்சியும்

திருவையாற்றுக்கு அருகிலுள்ள திங்களூரில் அப்பூதியடிகள் என்னும் அந்தணர் வாழ்ந்தார். அப்பரை அவர் நேரில் கண்டவரல்லர். ஆயினும் அவர் பெருமையைக் கேள்வியுற்று, தம் பிள்ளைகளுக்கும், தாம் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும், சாலைக்கும், வீட்டிலுள்ள பொருள்களுக்கும் திருநாவுக்கரசு என்றே பெயரிட்டு மகிழ்ந்தார். வழிநடையாக வந்த அப்பர் தண்ணீர்ப் பந்தலில் தம் பெயரைக் கண்டு வியந்து, அப்பூதியடிகளின் வீட்டை அடைந்து, உம்முடைய பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று வினவினார். தம் தலைவரை யாரோ என்று குறிப்பிட்டதைப் பொறுக்காமல் அப்பூதியடிகள் சினந்தார். சூலை நோயால் ஆட்கொள்ளப்பெற்ற எளியவன் தாமே என்று அப்பர் அடக்கத்தோடு கூறியதும் அவ்வீட்டில் எழுந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

விருந்துக்கு வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகனை நாகம் தீண்டியது. அப்பிள்ளை விருந்து தடைப்படக்கூடாதென்று ஓடிவந்து இலையைத் தாயிடம் கொடுத்துவிட்டு உயிர் நீத்தான். பெற்றோர் துயரத்தை விழுங்கிக் கொண்டு, உடலைப் பாயில் சுற்றி மறைத்து வைத்து, ஒன்றும் நடவாதது போல அப்பரை அமுது செய்ய அழைத்தனர். எல்லார்க்கும் திருநீறு அளிக்கும்போது மூத்த மகன் எங்கே என்று அப்பர் கேட்டார். உண்மை வெளிப்பட்டது. அவர் அக்கணமே எழுந்து, அப்பிள்ளையின் உடலைத் திருக்கோயில் முன் கொணரச் செய்து பதிகம் பாடினார். பிள்ளை உறங்கி எழுந்தவன் போல எழுந்தான்.

பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் நம்மிடையேயும் உண்டு. எல்லார்க்கும் இத்தகைய அற்புதம் நிகழ்வதில்லை என்பதை அவர்கள் முன் மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆயினும் இதில் அற்புதத்துக்கு முன் நிகழ்ந்த ஒன்றை நோக்குங்கள். பிறர் வீட்டுத் துயரத்தை அறிந்தவுடன் அப்பர் இலை முன் அமர்ந்து உண்ணவில்லை. அத்துயரத்தைத் தமதாக்கிக் கொண்டு கோயிலுக்கு நடந்தார். துன்பப்படுகிறவரோடு சேர்ந்து இறைவன் சன்னிதிக்கு நடப்பது நம்மாலும் இயலும் செயலல்லவா?

பஞ்ச காலத்தில் படிக்காசு

ஒரு சமயம் அப்பரும் சம்பந்தரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்தபோது மழை பொய்த்துக் கொடும் பஞ்சம் வந்தது. தம்மை நாடிவந்த அடியவர்களுக்கு உணவளிக்க இயலாமல் இருவரும் வருந்தினர். இறைவன் கனவில் தோன்றி, பஞ்சம் தீரும்வரை நாள்தோறும் பலிபீடத்தில் படிக்காசு வைப்பதாக அருளினான். கிழக்குப் பீடத்துக் காசு சம்பந்தருக்கும் மேற்குப் பீடத்துக் காசு அப்பருக்கும் கிடைத்தன. அக்காசுகளைக் கொண்டு இருவர் மடங்களிலும் அடியவர்கள் பசியாறினர்.

அப்பர் மடத்தில் உணவு வேளையோடு முடிந்தது. சம்பந்தர் மடத்தில் தாமதமாயிற்று. காரணம் என்னவென்று பார்த்தால், சம்பந்தர் பெற்ற காசை மாற்றும்போது கடைக்காரர் வட்டம் பிடித்தனர். அப்பர் பெற்ற காசோ குறையின்றிச் செல்லுபடியாயிற்று. கைத்தொண்டு செய்பவர் ஆதலால் அப்பருக்கு நல்ல காசு கிடைத்தது என்று சேக்கிழார் விளக்குகிறார். சம்பந்தரும் பின்னர் இறைவனிடம் பாடி முறையிட்டுக் குறையற்ற காசு பெற்றார். பஞ்சம் வந்ததே என்று அப்பர் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை என்பது இதனால் தெளிவாகிறது. செழிப்பில் செய்த அதே தொண்டைப் பஞ்சத்திலும் செய்தார்.

கயிலையும் ஐயாறும்

முதுமை வந்த பின் கயிலை மலையில் இறைவனைக் காண வேண்டும் என்னும் பெருவிருப்பம் அவருக்கு எழுந்தது. காளத்தி வழியாக வடநாடு சென்று, காசியைக் கடந்து, தனியே நடந்தார். கால்கள் தேய்ந்தன, கைகளால் தவழ்ந்தார். கைகளும் தேய்ந்தன, மார்பினால் ஊர்ந்தார். அதுவும் இயலாதபோது உடம்பையே உருட்டிச் சென்றார். முனிவர் வடிவில் வந்த இறைவன், மானிட உடம்போடு கயிலையை அடைவது அரிது, திரும்பிச் செல்க என்றபோதும், இறைவனைக் காணாமல் இவ்வுடம்போடு மீள்வதில்லை என்று அவர் மறுத்தார். அருகிலிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் கயிலைக் காட்சியைக் காணுமாறு திருவருள் பணித்தது. மூழ்கியவர் திருவையாற்றுத் திருக்குளத்தில் எழுந்தார். அங்கே இணை இணையாகத் திரிந்த விலங்குகளிலும் பறவைகளிலும் சிவமும் சத்தியுமாகிய இறைவனைக் கண்டார். ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இக்காட்சி விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

எத்தனையோ மலைகளையும் ஆறுகளையும் கடந்து தேடிய இறைவன் தாம் புறப்பட்ட சோழநாட்டிலேயே காட்சி தந்தான். இறைவனை அடைய நாம் வெகுதூரம் செல்ல வேண்டும் என்று எண்ணி ஏங்குகிறோம். நம் வீட்டுப் பூசையறையிலும், நம் லயத்தின் முனையில் பாட்டனார் நட்ட சூலத்திலும் அவன் நமக்காகக் காத்திருப்பதை மறந்துவிடுகிறோம்.

இறுதிச் சோதனை

தம் கடைசிக் காலத்தில் அப்பர் திருப்புகலூரில் தங்கி உழவாரத் தொண்டு செய்துவந்தார். அவருடைய உறுதியை உலகுக்குக் காட்டத் திருவுளங்கொண்ட இறைவன், அவர் புல் செதுக்கும் இடமெங்கும் பொன்னும் நவமணியும் கிடக்கச் செய்தான். அப்பர் அவற்றைக் கல்லாகவும் மண்ணாகவும் எண்ணினார். புல்லோடு புல்லாக உழவாரத்தில் ஏந்திக் கோயில் பொய்கையில் எறிந்தார். அடுத்து, தேவமங்கையர் வந்து ஆடினர், பாடினர், மலர் தூவினர். அவருடைய மனம் இம்மியும் அசையவில்லை. கை உழவாரத்தை நிறுத்தவும் இல்லை.

இதனைப் படிக்கும்போதெல்லாம் அடியேனுக்கு ஒன்று தோன்றும். முதலில் வந்த சோதனைகள் சூலை, நீற்றறை, நஞ்சு, யானை, கல் ஆகியவை. அவை யாவும் துன்பங்கள். இறுதியாக வந்தவை பொன்னும் ஆடலும். அவை இன்பங்கள். நீற்றறையில் அகப்பட்டவன் இறைவனை அழைப்பது இயல்பு. அவனுக்கு வேறு துணை இல்லை. காலடியில் பொன் கிடக்கும்போது இறைவனை மறவாதிருப்பதுதான் அதனினும் அரிது. அதனால்தான் போலும், இறைவன் அச்சோதனையைக் கடைசியில் வைத்தான். அதிலும் தேறிய அப்பர் பெருமான், தமது 81-ஆம் வயதில், ஒரு சித்திரைச் சதய நாளில் திருப்புகலூர் இறைவன் திருவடியில் கலந்தார். அவர் அருளிய தேவாரப் பதிகங்கள் நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகளாக நமக்குக் கிடைத்துள்ளன.

நம் மண்ணில் இவ்வரலாறு

இப்போது அடியேன் முன்னர்ச் சொல்லியதை நிறைவு செய்ய வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் மகன் கடும் நோயுற்றுப் படுத்தபோது நாள் தவறாமல் விடியற்காலையில் ஆலயம் சென்று வணங்கினேன். இறைவன் அருளால் அவன் பிழைத்தெழுந்தான். அதற்குப் பின் வேலை, வீடு, மகிழ்ச்சி என்று நாட்கள் ஓடின. நிருவாகக் கூட்டத்திற்கு மட்டும் ஆலயம் சென்று, கணக்குப் பேசித் திரும்புவேனேயன்றிச் சன்னிதியில் நின்று வணங்கவில்லை. எங்கள் ஆலயத்தைத் தினமும் கூட்டிப் பெருக்கும் மூதாட்டி ஒருவர் உண்டு. தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். ஒருநாள் அவர் என்னைத் தம்பி என்று அழைத்து, பிள்ளைக்கு இன்னும் உடம்பு சரியாகவில்லையா என்று கேட்டார். நலமாகிவிட்டான் என்றேன். அப்படியானால் நன்றி சொல்ல ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. நல்லது என்று சொல்லிவிட்டு மீண்டும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார். எனக்குத்தான் முகம் கூசியது. அந்த அம்மையார் கணவரை இழந்தவர். அவர் கணவர் இருந்தபோதும் கூட்டினார். இறந்த பின்னும் கூட்டினார். திலகவதியாரின் திருவலகு எங்கே போயிற்று என்று தேட வேண்டியதில்லை என்று அன்று உணர்ந்தேன்.

நம் மலாக்கா மண்ணிலும் இத்தகைய உறுதி புதியதன்று. மலாக்காச் செட்டிகள் எனப்படும் நம் சகோதரர்கள் பல தலைமுறைகளாக மலாய் மொழியையே வீட்டுமொழியாகக் கொண்டவர்கள். தமிழ் அவர்கள் நாவிலிருந்து நழுவிய போதிலும் சிவநெறி அவர்கள் நெஞ்சிலிருந்து நழுவவில்லை. 1781-ஆம் ஆண்டில், டச்சுக்காரர் ஆட்சியின்போது எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இன்றும் அவர்கள் உறுதிக்குச் சான்றாக விளங்குகிறது. மாசி மகத்தன்று செங் சன்னாசிமலையில் கூடும் பக்தர் கூட்டத்தில் அவர்களையும் நம்மையும் பிரித்தறிய முடியாது.

தோட்டத்து மக்களின் வரலாறும் அத்தகையதே. கப்பலேறி வந்த நம் முன்னோர், லயத்தில் குடியேறியவுடன் ஒரு மரத்தடியில் கல்லையோ சூலத்தையோ நட்டு விளக்கேற்றினர். சப்பானியர் ஆட்சியில் 1942-ஆம், 1943-ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களில் பலர் திரும்பவே இல்லை. அவர்களுடைய மனைவியரும் தாயாரும் அந்த மரத்தடி விளக்கை அணையவிடவில்லை. அன்று அவர்கள் காத்த விளக்கினால்தான் இன்று நாம் கோபுரம் எழுப்பிக் குடமுழுக்குச் செய்கிறோம்.

அண்மைக் காலத்தில், 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தபோது ஆலயக் கதவுகள் அடைக்கப்பட்டன. வீட்டிலிருந்தபடியே விளக்கேற்றி, கதவு எப்போது திறக்கும் என்று ஏங்கினோம். கதவு திறந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின், அந்த ஏக்கம் நம்மில் எத்தனை பேரிடம் மிஞ்சியிருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

அப்பர் பெருமானைப் போல நீற்றறையில் நம்மை யாரும் இடப்போவதில்லை. அவரைப் போலப் பதிகம் பாடவும் நம்மால் இயலாது. ஆனால் அவர் கையிலிருந்த உழவாரத்தை நாம் எடுக்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஆலயம் வந்து திருச்சுற்றில் புல் செதுக்கலாம், விளக்குத் துலக்கலாம், அன்னதானத்தில் பாத்திரம் கழுவலாம். மலேசிய இந்து சங்கம் நடத்திவரும் திருமுறை ஓதும் விழாக்களில் பிள்ளைகளைப் பங்குகொள்ளச் செய்யலாம். வீட்டில் நாள்தோறும் மாலையில் ஒரு பதிகமாவது ஓதலாம்.

இவற்றை நோய் வந்த நாளில் தொடங்க வேண்டும் என்பதில்லை. பிள்ளை தேர்வில் தேறிய நாளில் தொடங்குவோம். புதுவீடு புகுந்த நாளில் தொடங்குவோம். நல்ல நாளில் பழகிய கை, துன்ப நாளில் தானாகவே இறைவன் பக்கம் நீளும். வீட்டில் துக்கம் நேர்ந்து, மனம் கசந்து, ஆலயத்திற்கு வராதிருக்கும் அன்பர் எவரேனும் இதனைப் படித்தால், அவர்களிடம் அடியேனுக்கு ஒரே ஒரு விண்ணப்பம் உண்டு. அர்ச்சனைத் தட்டு வேண்டாம், வேண்டுதலும் வேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள். சூலையால் துடித்துக்கொண்டு இரவில் வந்தவரையும் ஏற்றுக்கொண்ட வாசல் அது.

இவ்விழாவில் தேர் நிலைக்கு வந்து சேர்ந்தபின், பந்தல் பிரித்து, கூட்டம் கலைந்து, குப்பையும் வாடிய மாலையும் நிறைந்து கிடக்கும் மறுநாள் காலையிலும் ஆலயம் திறந்திருக்கும். அக்காலையில் துடைப்பத்தோடு வரும் அன்பர்களை எதிர்பார்த்து நிற்கிறோம்.

திருநாவுக்கரசு சுவாமிகள் திருவடிகள் போற்றி.

திருச்சிற்றம்பலம்.